ரெஸ் இன்ஃபினிட்ல பீட்டு இடிக்குதா? எந்தக் கோளாறுக்கு எங்க கை வைக்கணும்

ரெஸ் இன்ஃபினிட்ங்கிற இந்த ஷூட்டிங் கேமை நான் வாங்கச் சொன்ன ஆளுங்கள்ல பாதிப் பேரு ஒரு வாரத்துக்குள்ள எனக்கு போன் பண்ணிருக்காங்க, சூப்பரா இருக்குன்னு சொல்றதுக்கு இல்ல, "டேய் என்னமோ தட்டுதுடா, சுடுறேன், சத்தம் அப்புறம் வருது"ன்னு சொல்றதுக்கு. வேற ஷூட்டிங் கேம்ல இதே அளவு லேட் இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. இங்க நாம சுடுற ஒவ்வொரு குண்டும் பாட்டுல ஒரு தட்டு, அதனால ஒரு சொடக்கு நேரம் தள்ளிப் போனாலும் காது பிடிச்சிடும். அப்படி வீடு வீடாப் போய் பார்த்துப் பார்த்து, எதை முதல்ல பாக்கணும் எதை கடைசில பாக்கணும்னு எனக்கு ஒரு வரிசை வந்திருச்சு. அதைத்தான் இங்க போடுறேன்.

பிஎஸ்4-க்கு (பிளேஸ்டேஷன் 4) 2016-ல வந்த ரெஸ் இன்ஃபினிட், அதை பிஎஸ்4-லயோ பிஎஸ்5-லயோ ஓட்டுறவங்களுக்கு இது. பிசில ஓட்டுறவங்களுக்கு முதல் ரெண்டு பகுதி கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும், மெனு பேருதான் மாறும்.

## சுட்டதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல இடைவெளி

### முதல்ல, இது கோளாறே இல்லாம இருக்கலாம்

பட்டனை அழுத்திப் பிடிச்சு, குறியை எதிரிங்க மேல ஓட்டி, எட்டு வரைக்கும் லாக் பண்ணி, கையை விட்டா சுடும். கை விட்ட அந்த நொடியிலயே சத்தம் வந்தே ஆகணும்னு இல்ல. பாட்டோட அடுத்த சின்னக் கட்டம் வர வரைக்கும் கேம் அதைப் பிடிச்சு வச்சுட்டு தாளத்துல கொண்டு போய் உக்கார வைக்கும். வேணும்னே பண்ணது. நீங்க கண்டபடி சுட்டாலும் பாட்டு கெடாம இருக்கே, அதோட ரகசியமே இதான். அதனால நீங்க எவ்வளவு துல்லியமா தட்டினாலும் சில குண்டு உடனே சத்தம் போடும், சில குண்டு கொஞ்சம் காத்திருந்து போடும்.

அடையாளம் சொல்றேன். இடைவெளி ஒரு தடவை கம்மி ஒரு தடவை ஜாஸ்தின்னு மாறிக்கிட்டே இருந்து, ஆனா சத்தம் மட்டும் எப்பவும் பாட்டோட சேர்ந்தே விழுதுன்னா கேமோட சுபாவம், விட்டுருங்க. என்ன பண்ணாலும் ஒரே அளவுக்கு இழுத்துக்கிட்டே இருந்தா, இல்ல எதிரி வெடிச்சதுக்கு அப்புறம்தான் வெடிச் சத்தம் கேக்குதுன்னா, அது கோளாறு, கீழ போங்க.

### ஹோம் ஸ்கிரீன்ல ஒரு டெஸ்ட்

கேமை வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, மேல சொன்ன காரணத்தால அது உங்களைக் குழப்பும். ஹோம் ஸ்கிரீனுக்கு வந்து டைரக்‌ஷன் பட்டனை டக் டக்னு தட்டுங்க. விரல் தட்டுறது, ஸ்கிரீன்ல கட்டம் நகர்றது, அந்த டிக் சத்தம், மூணையும் கவனிங்க. கண்ணை மூடிட்டு பத்து தட்டு தட்டிப் பாருங்க, விரலுக்கும் காதுக்கும் இருக்கிற தூரம் அப்பதான் நல்லாத் தெரியும்.

மூணும் ஒண்ணா நடந்தா உங்க செட்டப்ல ஒரு குறையும் இல்ல. கட்டமும் சத்தமும் ரெண்டும் சேர்ந்து விரலுக்குப் பின்னால வந்தா டிவி. கட்டம் சரியா நகருது, டிக் மட்டும் பின்னால வருதுன்னா சத்தம் போற வழில தப்பு. இந்த மூணுல எது உங்களோடதுன்னு தெரியாம எந்த செட்டிங்கையும் தொடாதீங்க, நாலு இடத்துல மாத்தி வச்சுட்டு எதை மாத்துனோம்னே தெரியாம என்னைக் கூப்பிட்டவங்க நிறையப் பேரு.

### படமும் சத்தமும் சேர்ந்து லேட்

டிவில கேம் மோட் போடுங்க. பாதிப் பேருக்கு கதை இங்கயே முடிஞ்சிரும். இப்ப வர டிவிங்க படத்தை வழுவழுன்னு ஆக்குறேன், ஷார்ப் பண்றேன்னு ஒவ்வொரு ஃப்ரேமையும் பிடிச்சு வச்சு வேலை பாக்கும், அதுல 100 மில்லிசெகண்டுக்கு மேல தின்னுற டிவியும் உண்டு, அதே டிவி கேம் மோட்ல 20-க்குக் கீழ வந்துரும். 2001-ல இந்த கேம் ட்ரீம்காஸ்ட்டுலயும் பிஎஸ்2-லயும் வந்தப்ப வீட்ல இருந்தது டியூப் டிவி, அதுல இந்தப் பிரச்சனையே கிடையாது. அப்ப விளையாடுன ஆளுங்கதான் இப்ப "ரீமாஸ்டர்ல கெடுத்துட்டாங்க"ன்னு முதல்ல கத்துறாங்க. கேம்காரங்க கெடுக்கல, உங்க டிவிதான்.

பிஎஸ்5-னா, புது டிவியா இருந்தா தானாவே கேம் மோடுக்கு மாத்தச் சொல்லும் வசதி இருக்கு. பிஎஸ்4-க்கு அது கிடையாது, ரிமோட்டை எடுத்து நீங்களேதான் மாத்தணும். இன்னொண்ணு, நிறைய டிவில இந்த மோட் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியா சேவ் ஆகும், செட்டாப் பாக்ஸ் இருக்கிற போர்ட்டுல ஆன் பண்ணிட்டு "போட்டாச்சே, ஒண்ணும் மாறலையே"ன்னு சொல்றவங்க உண்டு.

கேம் மோட் போட்டும் இழுத்தா மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன்னு எதெல்லாம் இருக்கோ எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. அப்புறம் கன்ட்ரோலரை கேபிள்ல சொருகி, பிஎஸ்5-ல கன்ட்ரோலர் செட்டிங்ஸ்ல கம்யூனிகேஷன் மெதட்னு இருக்கும், அதை யுஎஸ்பி கேபிள்னு மாத்திப் பாருங்க. இதுல சரியாச்சுன்னா கன்சோலை இரும்பு அலமாரிக்குள்ள அடைச்சு வச்சிருக்கீங்களான்னு பாருங்க, இல்ல பக்கத்துலயே ரவுட்டர் இருக்கான்னு. கடைசியா கன்சோலைத் தூக்கிட்டுப் போய் வேற ஒருத்தர் வீட்டு டிவில போட்டுப் பாருங்க. அங்க நல்லா ஓடுச்சுன்னா பிரச்சனை உங்க டிவியோட வேகம், அதை எந்த மெக்கானிக்கும் மாத்த முடியாது. பணம் கொடுத்து போர்டு மாத்தாதீங்க.

### படம் சரி, சத்தம் மட்டும் லேட்

என் அனுபவத்துல அதிகமா வர கேஸ் இதுதான்.

ப்ளூடூத்ல கேக்குறீங்களா? அப்ப வேற எங்கயும் தேடவே வேணாம், அதுதான். பிஎஸ்4, பிஎஸ்5 ரெண்டுமே சாதாரண ப்ளூடூத் ஹெட்போனை நேரா சேத்துக்காது, அதனால ஆளுங்க டிவியோட ப்ளூடூத்ல சேத்துடுறாங்க. சினிமா பாக்குறப்ப டிவி படத்தையும் சேத்து தாமதப்படுத்தி சமாளிச்சுடும், கேம்ல அப்படிப் பண்ண வழி இல்ல. சாதாரண ப்ளூடூத்ல 150-லேர்ந்து 250 மில்லிசெகண்டு போறது சகஜம். ஒரு நிமிஷத்துக்கு 140 தட்டு இருக்கிற பாட்டுன்னு வச்சுக்கங்க, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல 430 மில்லிசெகண்டு கிட்டதான், அப்ப பாதித் தட்டு போயிருச்சு. வெடி ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம்னு கல்யாண வீட்டுல ரெண்டு செட்டு மேளம் ஒரே நேரத்துல வாசிச்ச மாதிரி இருக்கும்.

இதை உறுதி பண்ண ஒரு ரூபா செலவு இல்லாத வழி: மொபைலுக்கு வாங்குன பழைய வயர் இயர்போன் ஒண்ணு எடுத்து கன்ட்ரோலர்லயே கீழ இருக்கிற ஓட்டைல சொருகுங்க. பிஎஸ்4-ல ஒரு வேலை பாக்கி இருக்கும், செட்டிங்ஸ், டிவைசஸ், ஆடியோ டிவைசஸ்ல போய் அவுட்புட் டு ஹெட்போன்ஸ்னு இருக்கிறதை ஆல் ஆடியோன்னு மாத்தணும், இல்லைன்னா சாட் சத்தம் மட்டும்தான் வரும். இப்ப டிவி, சவுண்ட்பார் எல்லாத்தையும் தாண்டி நேரா கன்சோல்லேர்ந்து கேக்குறீங்க. திரும்ப கேமைப் போடுங்க.

ஒரு ஃப்ரெண்டு வீட்ல இதைத்தான் பண்ணேன். அவன் புதுசா சவுண்ட்பார் வாங்கி, சப்வூஃபரை சோபாவுக்குப் பின்னாடி வச்சு, பெருமையா காட்டுறதுக்குக் கூப்பிட்டிருந்தான். முதல் ஏரியால ரெண்டாவது லேயர் (ஏரியாக்குள்ள வர அடுத்த கட்டம்) திறந்து ட்ரம் உள்ள வந்தப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு, எதிரி உடைஞ்சு போயி அந்த இடம் காலியானதுக்கு அப்புறம் பின்னாலேர்ந்து "டப்"ங்குது. அவன் ஒத்துக்கல, கேம் பழசுடா அப்படித்தான் இருக்கும்ங்கிறான். பையோட அடிலேர்ந்து ஒரு பக்கம் வயரு பிஞ்ச இயர்போனை எடுத்து கன்ட்ரோலர்ல சொருகி கொடுத்தேன், ஒரே காதுலதான் கேக்குது, ஒரு நிமிஷம் விளையாடுனான், கழட்டிட்டு சவுண்ட்பாரைப் பாத்தான், மறுபடி மாட்டிக்கிட்டான். அன்னைக்கு ஏரியா மூணு வரைக்கும் அந்த ஒத்தக் காதுலயே போனான்.

சரி, சவுண்ட்பாரை விட்டுட முடியாது, வாங்கியாச்சு. அப்ப இப்படிப் போங்க. பிஎஸ்5-ல செட்டிங்ஸ், சவுண்ட், ஆடியோ அவுட்புட்ல ஆடியோ ஃபார்மட்டை லீனியர் பிசிஎம்னு, அதாவது சத்தத்தை மடிக்காம அனுப்புறதா, வைங்க (பிஎஸ்4-ல இதே விஷயம் சவுண்ட் அண்ட் ஸ்கிரீனுக்குள்ள இருக்கும்). டால்பி, டிடிஎஸ் எதுவா இருந்தாலும் ஒரு பக்கம் மடிச்சு அனுப்பி இன்னொரு பக்கம் பிரிக்கணும், அந்த மடிப்பு வேலைக்கு நேரம் ஆகும். டிவிலயும் டிஜிட்டல் சவுண்ட் அவுட்னு இருக்கிறதை பாஸ்த்ரூன்னு மாத்திப் பாருங்க. அடுத்து சவுண்ட்பார்ல சினிமா, சரவுண்ட், க்ளியர் வாய்ஸ்னு இருக்கிற மோட் எல்லாம் எடுத்துட்டு ஸ்டாண்டர்டுல, கேம் மோட் இருந்தா அதுல வைங்க. டிவிலயோ பார்லயோ ஏவி சிங்க், ஆடியோ டிலேன்னு ஒண்ணு இருந்தா பூஜ்யத்துல இருக்கணும், அந்த எண்ணை ஏத்த ஏத்த சத்தம் இன்னும் லேட்தான் ஆகும், முன்னால வராது. இதை ஏத்தி வச்சுட்டு புலம்புனவங்க குறைஞ்சது நாலு பேரு.

இதுக்கும் அசையலைன்னா கேபிள் போற வழியை மாத்துங்க. கன்சோல்லேர்ந்து டிவி, டிவிலேர்ந்து ஏஆர்க் (டிவி சத்தத்தை ஹெச்டிஎம்ஐ கேபிள்லயே வெளிய அனுப்புற வசதி) வழியா பார்னு இருந்தா, பார்ல ஹெச்டிஎம்ஐ இன் இருக்கான்னு பாத்து கன்சோலை முதல்ல பார்ல சொருகி அங்கேர்ந்து டிவிக்கு எடுங்க. பார் பழசா இருந்தா 4கே, ஹெச்டிஆர் போயிடலாம், அதையும் யோசிச்சுக்கங்க. எதுவுமே ஆகலையா, வயர் ஹெட்போன் வாங்கிருங்க. இந்த கேமுக்கு அதைவிட நல்ல செலவு கிடையாது.

## சில சத்தம் மட்டும் காணோம், இல்ல கரகரங்குது

ட்ரம் கேக்குது, மேல வர கைதட்டு, குரல் துண்டெல்லாம் கேக்கலன்னா பெரும்பாலும் கன்சோலுக்கு நீங்க பொய் சொல்லி வச்சிருக்கீங்க. பிஎஸ்5-ல ஹெச்டிஎம்ஐ டிவைஸ் டைப்னு இருக்கும், அதுல ஏவி ஆம்ப்ளிஃபையர், 7.1 (எட்டு ஸ்பீக்கர்)னு போட்டுட்டு நிஜத்துல ரெண்டு ஸ்பீக்கர் டிவி வச்சிருந்தா பக்கவாட்டு சத்தம் எல்லாம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க்கிட்டு இருக்கும். டிவின்னு மாத்துங்க. பிஎஸ்4-ல ஆப்டிகல் கேபிள் போட்டிருந்தாலும் இதே மாதிரி எந்தெந்த ஃபார்மட் டிக் பண்ணிருக்குன்னு பாருங்க, பார் சேத்துக்காத ஃபார்மட் டிக் ஆயிருந்தா சுத்தமா சத்தமே வராது.

கரகரப்புன்னா முதல்ல கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டிச் சொருகுங்க, அப்புறம் வேற கேபிள், அப்புறம் வேற போர்ட். இயர்போன்ல கரகரங்குதுன்னா ஜாக்கை விரலால சுத்திப் பாருங்க, சுத்தும்போது வந்து போனா கன்ட்ரோலர் ஜாக்குல தூசி, இல்ல ஜாக் தளர்ந்திருக்கு. தூசின்னா ஊதினாலே போயிடும். தளர்ந்திருந்தா உள்ள சால்டர் பண்ணணும், கைல பழக்கம் இல்லாதவங்க கடைல கொடுத்துருங்க.

## கன்ட்ரோலர் அதிரவே மாட்டேங்குது

இந்த கேமை அதிர்வு இல்லாம விளையாடுறது ரசம் இல்லாத சாப்பாடு, வயிறு ரொம்பும், அவ்வளவுதான். ஜப்பான்ல பிஎஸ்2 காலத்துல இதுக்குன்னே ட்ரான்ஸ் வைப்ரேட்டர்னு யுஎஸ்பில சொருகுற ஒரு தனிப் பொட்டி வித்தாங்க, பீட்டுக்கு ஏத்த மாதிரி அதிர மட்டும்தான் செய்யும், வேற ஒரு வேலையும் கிடையாது. 2008-ல எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த ரெஸ் ஹெச்டில மீதி மூணு கன்ட்ரோலரையும் ஆன் பண்ணி மடில, முதுகுக்குப் பின்னாடின்னு வச்சுக்கலாம். அவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க, அதனால இதைச் சரி பண்ணாம விடாதீங்க.

கன்சோல்ல வைப்ரேஷன் ஆஃப் ஆயிருக்கான்னு பாருங்க. பிஎஸ்4-ல டிவைசஸ், கன்ட்ரோலர்ஸ். பிஎஸ்5-ல ஆக்சசரீஸ், கன்ட்ரோலர், அங்க வைப்ரேஷன் இன்டென்சிட்டி. சிரிக்காதீங்க, பாதி கேஸ் இதான். ஒரு வீட்ல கன்ட்ரோலரை மரமேசை மேல வச்சுட்டு எந்திரிச்சுப் போவான் தம்பி, கேம் ஓடிக்கிட்டே இருக்கும், அது பீட்டுக்குப் பீட்டு மேசையத் தட்டும், பக்கத்து ரூம்ல தூங்குற அக்கா ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து அமுக்கி வச்சுட்டா. அவன் மூணு வாரம் மோட்டர் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தான்.

அப்புறம் கேமோட ஆப்ஷன்ல வைப்ரேஷன். அப்புறம் சார்ஜ். அதுக்கு அப்புறம் ரீசெட்: கன்சோலை முழுசா ஆஃப் பண்ணிட்டு, கன்ட்ரோலர் முதுகுல ஒரு குட்டி ஓட்டை இருக்கும், பேப்பர் க்ளிப்பை நிமித்தி உள்ள விட்டு ஒரு அஞ்சு செகண்டு அழுத்திப் பிடிங்க, யுஎஸ்பில சொருகி பிஎஸ் பட்டனைத் தட்டுங்க. இங்க ஒரு பொறி இருக்கு, பவர் பேங்கோட வர கேபிள் பலது சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், டேட்டா போகாது, அதைப் போட்டுட்டு கன்ட்ரோலர் சேரவே மாட்டேங்குதுன்னு ஒரு மணி நேரம் போராடுவீங்க. கன்ட்ரோலரோட வந்த கேபிளையோ, மொபைல்லேர்ந்து பைல் காப்பி பண்றதுக்கு ஆகுற கேபிளையோ எடுங்க.

வேற கேம்லயும் அதிரல, வேற கன்ட்ரோலர் போட்டா அதிருதுன்னா மோட்டர் பக்கம் போச்சு. உள்ள இடது வலது ரெண்டு மோட்டர், ஒரு பக்கம் மட்டும் போனா பாஸ் தட்டு காணாமப் போயி உர்ர்ருனு மட்டும் இருக்கும், இல்ல அதுக்கு நேர்மாறா. வயர் விட்டிருந்தா ஒரு பொட்டு சால்டர் போதும். வாரண்டி இருந்தா திறக்காதீங்க.

## குறி தானா நகருது

ஸ்டிக்கைத் தொடாமலே குறி ஒரு பக்கமா ஊர்ந்தா ஸ்டிக் ட்ரிஃப்ட். இந்த கேம்ல இது மத்ததைவிட எரிச்சல், எட்டு லாக் சேர்க்க குறியை ஒரே வீச்சுல ஓட்டணும், அது மேல இழுத்தா ஏழோட நின்னுரும்.

ஸ்டிக்கைத் தொடாம கன்ட்ரோலரை ஆன் பண்ணிப் பாருங்க, ஆன் ஆகறப்ப கட்டை விரல் பட்டிருந்தாலே சில நேரம் நடுப்புள்ளி தப்பாப் பதிஞ்சிரும். அடுத்து மேல சொன்ன ரீசெட். அடுத்து ஸ்டிக்கை சாய்ச்சு வச்சு அடிப்பக்கம் ஊதி, சுத்தி சுத்தி ஆட்டுங்க. அதுக்கும் போகலன்னா 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு, கன்சோல் ஆஃப்ல இருக்கும்போது, நல்லா காய விட்டு. ஹேண்ட் சானிடைசர் ஊத்தாதீங்க, அதுல இருக்கிற பிசுபிசுப்பு உள்ள போய் ஒட்டிக்கும், ஊத்துனவரு வீட்டுக்கு நான் போயிருக்கேன்.

ஒரு வாரம் நல்லா இருந்துட்டு திரும்ப வந்துச்சுன்னா உள்ள கார்பன் பட்டை தேஞ்சிருக்கு, மொத்த ஸ்டிக் மாட்யூலையும் மாத்தணும். ஒரு டஜனுக்கு மேல காலை உருக்கி எடுத்து புதுசு வைக்கிற வேலை, யூட்யூப் பாத்து முதல் தடவை பண்ணி போர்டோட தடத்தைப் பிச்சவங்கதான் அதிகம். கடைக்குக் கொடுங்க, கொடுக்கும்போது மாத்துனதுக்கு அப்புறம் நடுப்புள்ளி சரி பண்ணித் தருவீங்களான்னு கேட்டுக்கங்க.

## ஸ்கிரீன் கருப்பு, ஆனா கன்சோல் ஓடுது

விஆர் பொட்டி (தலைல மாட்டுற விஆர் ஹெட்செட்டோட வந்து, கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவுல உக்கார்ற பொட்டி) இருந்தா முதல்ல அதைக் கழட்டி கன்சோலை நேரா டிவில சொருகுங்க. படம் வந்திருச்சுன்னா பொட்டி, இல்ல அதோட கேபிள். முதல் மாடல் விஆர் பொட்டி ஹெச்டிஆரை உள்ள விடாது, ரெண்டாவது மாடல் விடும், அதனால படம் வந்து கலர் மட்டும் மங்கலா இருந்தா அதைக் கோளாறுன்னு நினைக்காதீங்க.

நேரா சொருகியும் கருப்புன்னா வேற கேபிள், வேற போர்ட், வேற டிவி. அப்புறம் சேஃப் மோட் (கோளாறு சரி பண்றதுக்குன்னே இருக்கிற தனி மெனு): கன்சோலை முழுசா ஆஃப் பண்ணி, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சே இருங்க, முதல் பீப், ஒரு ஏழு செகண்டு கழிச்சு ரெண்டாவது பீப், அப்ப விடுங்க. கன்ட்ரோலரை கேபிள்ல சொருகுங்க. சேஃப் மோட்ல படம் வந்தா ஹெச்டிஎம்ஐ போர்ட் உயிரோடதான் இருக்கு, டிவிக்குப் பிடிக்காத ரெசல்யூஷன்ல மாட்டியிருக்கு, அங்கயே வீடியோ அவுட்புட்டை மாத்துற ஆப்ஷன்ல போய் சரி பண்ணுங்க.

சேஃப் மோட்லயும் ஒண்ணும் இல்லையா, மொபைல் டார்ச் அடிச்சு கன்சோல் பின்னாடி அந்த போர்ட்டுக்குள்ள பாருங்க. உள்ள இருக்கிற குட்டிக் கம்பிங்க சீப்புப் பல்லு மாதிரி ஒரே வரிசையா இருக்கணும். ஒண்ணு வளைஞ்சிருந்தா, நடு நாக்கு உடைஞ்சிருந்தா, இதோட நிறுத்திக்கங்க, ஊசியை விட்டு நிமித்தாதீங்க, ஷார்ட் ஆச்சுன்னா போர்ட்டோட போற செலவு உள்ள இருக்கிற சிப்புக்கும் சேந்து வரும். போர்ட் மாத்துறது ஹாட் ஏர் வச்சிருக்கிற, மைக்ரோஸ்கோப்ல வேலை பாக்குற ஆள் பண்ண வேண்டியது. ஒரு கடைல எனக்கு மெயின் போர்டே போயிருச்சு புதுசு வாங்கிக்கங்கன்னு சொன்னாங்க, அடுத்த கடைல போர்ட் மட்டும் மாத்தினாங்க, இன்னைக்கு வரைக்கும் ஓடுது. ரெண்டு இடத்துல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

## கேம் திறக்கல, பூட்டுப் படம் காட்டுது, பாதில வெளிய தள்ளுது

ஐகான் மேல பூட்டு இருந்தா லைசென்ஸ். நெட் இருக்கான்னு பாருங்க, அப்புறம் ரீஸ்டோர் லைசென்சஸ், பிஎஸ்4-ல அக்கவுண்ட் மேனேஜ்மென்ட்டுக்குள்ள, பிஎஸ்5-ல யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ், அதர்க்குள்ள இருக்கும். அண்ணன் அக்கவுண்டுல வாங்கினதை தம்பி அக்கவுண்டுல ஓட்டுறீங்கன்னா, அண்ணனுக்கு இந்த கன்சோல்தான் ப்ரைமரியா இருக்கணும். அண்ணன் ஹாஸ்டல்ல போய் இன்னொரு கன்சோலை ப்ரைமரி ஆக்கியிருந்தா இங்க பூட்டு விழும். சண்டைய வீட்டுக்குள்ள முடிச்சுக்கங்க.

பாதில வெளிய தள்ளிட்டு பிஎஸ்4-ல சிஇ-34878-0, பிஎஸ்5-ல சிஇ-108255-1ன்னு காட்டுச்சுன்னா பயப்படாதீங்க, "என்னமோ ஆச்சு, மூடிட்டேன்"ங்கிறதுக்கு கன்சோல் வச்சிருக்கிற பொதுவான நம்பர் அது. கேம் அப்டேட், சிஸ்டம் அப்டேட், முழுசா ஆஃப் பண்ணி ஆன். அடுத்து சேஃப் மோட்ல அஞ்சாவது ஆப்ஷன், டேட்டாபேஸ் ரீபில்ட், கேமும் சேவும் அப்படியே இருக்கும். அடுத்து கேமை டிலீட் பண்ணி திரும்ப இறக்குங்க, சேவ் தனியா இருக்கும், அதோட போகாது, இருந்தாலும் ஒரு யுஎஸ்பிலயோ க்ளவுடுலயோ எடுத்து வச்சுட்டுப் பண்ணுங்க.

வேற வேற கேமும் இதே மாதிரி விழுது, மெனு நகரவே நேரம் ஆகுது, உள்ளேர்ந்து டிக் டிக்னு சத்தம் வருதுன்னா பிஎஸ்4-ல ஹார்ட் டிஸ்க் போகப் போகுது. அதை நீங்களே மாத்தலாம், நாலஞ்சு ஸ்க்ரூதான், 2.5 இன்ச் டிஸ்க், எஸ்எஸ்டியா வாங்கிப் போடுங்க. சிஸ்டம் சாப்ட்வேரை, அப்டேட் ஃபைல் இல்ல, முழு ரீஇன்ஸ்டால் ஃபைலை, யுஎஸ்பில போட்டு சேஃப் மோட்ல ஏழாவது ஆப்ஷன். ஃபேன் ஜெட் மாதிரி கத்திட்டு அணைஞ்சா தூசி தட்டி, சிப்பு மேல இருக்கிற பேஸ்ட்டை மாத்துற வேலை. பவர் சப்ளையைத் திறக்கணும்ங்கிற கட்டம் வந்தா நீங்க கை வைக்காதீங்க.

## விஆர்ல உலகம் சாயுது, நடுங்குது

ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திப் பிடிங்க, நடுப்புள்ளி திரும்ப வந்துரும். திரும்பத் திரும்ப சாஞ்சா ஹெட்செட்டைக் கழட்டி, ஆஃப் பண்ணி, ஆடாத தரைலயோ மேசைலயோ வச்சு ஆன் பண்ணி ஒரு நிமிஷம் தொடாம விடுங்க, கைல வச்சு ஆட்டிக்கிட்டே ஆன் பண்ணா உள்ள இருக்கிற சென்சார் தப்பா நடுவைப் பிடிக்கும்.

நடுங்குதுன்னா வெளிச்சம். முதல் விஆர்ல கேமரா ஹெட்செட்டோட நீல லைட்டைத்தான் தேடும், பின்னாடி ஜன்னல், கண்ணாடி பீரோ, சீரியல் பல்பு எதுவா இருந்தாலும் அதையும் ஹெட்செட்னு நினைச்சுக்கும். கேமராலேர்ந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உக்காருங்க, திரையைப் போடுங்க, பின்னாடி இருக்கிற கண்ணாடி மேல ஒரு துண்டு. சாமி ரூம் பல்பு கேமராவுக்குத் தெரியுதேன்னு ஒரு வீட்ல கதவைச் சாத்தச் சொன்னேன், அதோட நடுக்கம் நின்னுச்சு, ஆனா அவங்க பாட்டிக்கு என்னைப் பிடிக்காமப் போயிருச்சு. பிஎஸ்5-ல முதல் விஆர் ஓட்டணும்னா பழைய பிஎஸ்4 கேமராவும் அதுக்கான அடாப்டரும் வேணும், பிஎஸ்5-க்குன்னு வித்த ஹெச்டி கேமரா ஆகாது. விஆர்2 வச்சிருந்தா அதுல பிஎஸ்4 விஆர் கேம் ஓடாது, 2023-ல வந்த தனி வெர்ஷன் வாங்கணும். அதுல கண்ணைப் பாத்தே குறி வைக்கலாம், குறி தள்ளித் தள்ளி விழுந்தா கண் ட்ராக்கிங்கை மறுபடி அளவெடுங்க, மூக்குக் கண்ணாடி போட்டவங்க கண்ணாடியோடயே அளவெடுங்க.

மங்கலா இருந்தா காஞ்ச மைக்ரோஃபைபர் துணி மட்டும், ஸ்ப்ரே வேணாம். லென்ஸ் சட்டையால தொடச்சு கீறலாயிருந்தா அதுக்கு வழியே இல்ல.

## உங்க தலை சுத்துது

ஏரியா ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ரயில் மாதிரி கேமே இழுத்துட்டுப் போகும், ஏரியா எக்ஸ்ல நீங்களே எந்தப் பக்கமும் பறக்கலாம், பலருக்கு குமட்டுறது அங்கதான். உக்காந்து விளையாடுங்க, பக்கத்துல ஃபேன் ஓடட்டும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கழட்டுங்க. குமட்ட ஆரம்பிச்சதும் நிறுத்திருங்க, "இந்த பாஸை முடிச்சுட்டு"ன்னு உக்காந்தா சாயந்தரம் முழுக்க இருக்கும். 12 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க தலைல முதல் விஆரை மாட்டாதீங்க, பொட்டிலயே போட்டிருக்கு.

இந்த கேம் முழுக்க பளிச் பளிச்னு மின்னும், டிவில ஓட்டினாலும்தான். கண்ணு இருட்டிக்கிட்டு வருது, கை தானா வெட்டுது, ஒரு நொடி எங்க இருக்கோம்னே தெரியாம போச்சுன்னா செட்டிங்ல தேடாதீங்க, அப்பவே அணைச்சுட்டு டாக்டரைப் பாருங்க. வீட்ல யாருக்காவது வலிப்பு வந்திருக்குன்னா, போடுறதுக்கு முன்னாடியே கேட்டுட்டுப் போடுங்க.